பரணிலிருந்து இறங்கிய ஆடுபுலி: பழைய விளையாட்டு நிரல் ஓடாதபோது எங்கே பார்ப்பது

போன புரட்டாசியில், அடைமழை பிடிக்கும் முன் ஓடு மாற்றிவிடலாம் என்று பரணைக் காலி செய்தோம். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. 2018 நவம்பர் 16 கஜா புயலில் பாதி ஓடு பறந்து, அப்போது போட்ட அவசர வேலைதான் இத்தனை நாள் தாங்கியது. மூலையில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே பதினோரு பிளாப்பி, நான்கு சிடி, மை மங்கிய டாட் மேட்ரிக்ஸ் தாள் ஒரு கட்டு. 1999க்கும் 2003க்கும் இடையில் நானும் பெரியப்பா மகனும் எழுதிய விளையாட்டுகள்: டர்போ சி என்ற நிரல் எழுதும் கருவியில் ஆடுபுலி, விஷுவல் பேசிக் 6 என்ற இன்னொன்றில் பல்லாங்குழி, பாதியில் விட்ட ஒரு பரமபதம்.

ஆடுபுலியும் பல்லாங்குழியும் இன்று ஓடுகின்றன. இரண்டையும் ஓடவைக்க நான்கு மாதம் பிடித்தது. வழியில் வந்த கோளாறுகளை, அவை கண்ணில் படும் விதத்திலேயே கீழே எழுதுகிறேன். உங்கள் பெட்டியில் இருப்பது வேறு விளையாட்டாக இருக்கலாம். அறிகுறிகள் பெரும்பாலும் இவையேதான்.

ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கோளாறு வந்தாலும், "இது அன்றைக்கே இருந்ததா, இன்றைக்கு வந்ததா?" என்று கேளுங்கள். அதைச் சொல்ல ஒரு சாட்சி வேண்டும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற நிரல்தான் அந்தச் சாட்சி. அதிலும் தப்பாக ஓடினால் பிழை உங்களுடையது. அதில் சரியாக ஓடி, புதிய கணினியில் மட்டும் தடுமாறினால் மாறியது கணினி. இதைப் பிரிக்காமல் நிரலில் கை வைத்த முதல் மூன்று வாரம் எனக்கு வீணாயிற்று.

பிளாப்பி கரகரக்கிறது, படிக்க மாட்டேன் என்கிறது

உடனே எடுத்துவிடுங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். மேலே உள்ள உலோகத் தகட்டை விரலால் ஒதுக்கி, உள்ளே தெரியும் பழுப்பு வட்டைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் அல்லது வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சை. ஆற்றங்கரை ஊர்களில் கார்த்திகை வரை சுவரே வியர்க்கும். பிளாப்பி தப்புவது அபூர்வம். பூஞ்சை பிடித்த வட்டை டிரைவில் ஓட்டினால் அது படிக்கும் முனையில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல வட்டையும் கீறும். என் இரண்டாவது பிளாப்பி போனது அப்படித்தான்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால், நடுக்குமிழைச் சுழற்றிச் சுழற்றி, இரண்டு பக்கமும் மெல்லத் துடையுங்கள். நன்றாகக் காயவிடுங்கள். எழுதத் தடை செய்யும் மூலைத் தாழை, துளை திறந்திருக்கும்படி தள்ளிவையுங்கள். யூஎஸ்பி பிளாப்பி டிரைவ் இன்னும் கிடைக்கிறது, 3.5 அங்குல வட்டுக்குப் போதும், 5.25 அங்குலத்துக்கு ஆகாது.

கோப்புகளை ஒவ்வொன்றாக இழுத்து நகலெடுக்க வேண்டாம். வட்டு முழுவதையும் அப்படியே ஒரு பிம்பமாக எடுங்கள். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ இதற்கென்றே இருக்கிறது: படிக்க முடிந்ததை முதலில் அள்ளிக்கொண்டு, முடியாத இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். 1.44 எம்பி வட்டின் பிம்பம் சரியாக 14,74,560 பைட் இருக்க வேண்டும். குறைந்தால் நடுவில் நின்றுவிட்டது என்று பொருள்.

தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் ஓலைச்சுவடிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஓலை நைந்தால் நம் முன்னோர் அந்த ஓலையை மட்டும் நம்பி நிற்கவில்லை. புது ஓலையில் பெயர்த்து எழுதினார்கள். பிளாப்பியும் அப்படித்தான். பிம்பம் எடுத்த பிறகு மூலத்தைத் தொடவே வேண்டாம்.

சிடியும் பழைய ஹார்ட் டிஸ்க்கும்

சிடியில் எழுத்து இருக்கும் மேல்பக்கத்துக்கு ஒட்டினாற்போலத்தான் தகவல் இருக்கிறது. அங்கே கீறினால் மீளாது. பளபளக்கும் அடிப்பக்கக் கீறல் அவ்வளவு மோசமில்லை. புயல் நீரில் நனைந்த எங்கள் சிடிகளைச் சுத்தமான தண்ணீரில் கழுவி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைத்தேன். நான்கில் மூன்று படித்தன.

ஐடிஇ என்ற பழைய வகை ஹார்ட் டிஸ்க்கை யூஎஸ்பி மாற்றியில் மாட்டியதும் "பிழை இருக்கிறது, சரிசெய்யவா?" என்று விண்டோஸ் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். அது சரிசெய்வது, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை. உங்கள் கோப்பு அதில் போய்விடலாம். இங்கும் முதல் வேலை பிம்பம்தான்.

ஒரே விளையாட்டு, ஐந்து பிரதி, எது கடைசி?

புலி, புலி2, புலி3, புலிபுது, புலிமுடிவு. எல்லார் பெட்டியிலும் இப்படி ஒரு குடும்பம் இருக்கும். தேதியைப் பார்க்கலாம் என்றால், மூன்று கோப்பில் 1980 ஜனவரி 1 என்று இருந்தது. அன்று எங்கள் கணினியின் மதர்போர்டில் இருந்த சின்ன பேட்டரி தீர்ந்துபோய், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் கடிகாரம் தொடக்கத்துக்குத் திரும்பிவிடும். டாஸ் கோப்புகளின் காலம் 1980இல்தான் தொடங்குகிறது. ஆகவே அந்தத் தேதியைக் கண்டால், கடிகாரம் செத்திருந்த நாளில் எழுதியது என்பதைத் தவிர வேறெதையும் நம்பாதீர்கள்.

இங்கே பழைய தமிழ் முறையொன்று கைகொடுத்தது. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர், ஊர் ஊராகக் கிடைத்த சுவடிகளை வரிக்கு வரி ஒப்புநோக்கி, பாடபேதங்களைக் குறித்துக்கொண்டுதான் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். நிரலுக்கும் அதே வேலை. வின்மெர்ஜ் போன்ற ஒப்பிடும் கருவியில் இரண்டிரண்டாகப் போடுங்கள். ஒன்றில் மட்டும் இருக்கும் வரி சேர்த்ததா நீக்கியதா என்பதை, மூன்றாவது பிரதி சொல்லிவிடும். "முடிவு" என்று பெயர் இருந்தது எங்களுடைய மூன்றாவது பிரதி; கடைசியாக எழுதியது புலி2. பெயரை நம்பாமல் இருந்ததால் தப்பித்தேன்.

அச்சிட்ட தாள் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். புலி2இல் பூஞ்சை தின்ற நாற்பது வரியை அந்தத் தாளிலிருந்துதான் தட்டச்சு செய்தேன்.

இரண்டு முறை சொடுக்கினால் "இந்த ஆப் உங்கள் கணினியில் ஓடாது" என்கிறது

பயப்பட ஒன்றுமில்லை. டர்போ சி கட்டிய நிரல் 16 பிட். 64 பிட் விண்டோஸ் அதை ஏற்காது. டாஸ்பாக்ஸை நிறுவி, கோப்புறையை அதற்குள் மவுண்ட் செய்து (ஒரு டிரைவாக இணைத்து) ஓட்டுங்கள். ஆன்டிவைரஸ் பழைய நிரலைக் கண்டதும் சந்தேகப்பட்டு ஒளித்துவைக்கலாம். கோப்பு திடீரெனக் காணாமல் போனால் முதலில் அங்கே தேடுங்கள். (அன்றைய பிளாப்பிகளில் உண்மையான வைரஸும் இருந்தது. டாஸ்பாக்ஸுக்குள் உங்கள் முழு வட்டையும் மவுண்ட் செய்யாமல், ஒரு தனிக் கோப்புறையை மட்டும் கொடுங்கள்.)

கறுப்புத் திரை, "கிராஃபிக்ஸ் நாட் இனிஷியலைஸ்டு"

டர்போ சியில் படம் வரைந்தவர்கள் எல்லாரும் பார்த்த செய்தி இது. படம் வரையும் டிரைவர் கோப்பு, இஜிஏவிஜிஏ என்ற பெயரில் பிஜிஐ வால் வைத்தது, நிரல் சொன்ன இடத்தில் இல்லை. அன்று அது சி டிரைவில் டிசி கோப்புறைக்குள் இருந்தது. இன்று அந்த வழி இல்லை. தொடக்கக் கட்டளையில் அந்த வழியை வெற்று எழுத்துச் சரமாக்கிவிட்டு, அந்தக் கோப்பை நிரலின் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

அப்படியும் வராவிட்டால், வழியில் வரும் பின்சாய்கோட்டை (\) எண்ணுங்கள். சி மொழியில் சரத்துக்குள் இரண்டு போட வேண்டும். ஒன்று மட்டும் போட்டால், பக்கத்தில் வரும் 'டி' சேர்ந்து டேப் ஆகும், 'பி' சேர்ந்து பேக்ஸ்பேஸ் ஆகும். வழி பார்வைக்குச் சரியாகத் தெரியும்; கணினி படிப்பது வேறொன்று.

புலி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் பாய்கிறது, அல்லது ஆமையாய் நகர்கிறது

அன்று ஒரு நகர்வுக்கும் அடுத்ததற்கும் இடையே காத்திருக்க, வெறுமனே எண்ணும் சுற்று ஒன்றைப் போட்டிருப்போம். எண்ணி முடிக்கும் நேரம் கணினியின் வேகத்தைப் பொறுத்தது. டாஸ்பாக்ஸில் மெதுவாக இருந்தால் கண்ட்ரோலுடன் எஃப்12, வேகமாக இருந்தால் கண்ட்ரோலுடன் எஃப்11. இத்தகைய பழைய நிரல்களை டாஸ்பாக்ஸ் வழக்கமாக 3000 சைக்கிளில் (அதன் வேக அளவு) தொடங்கும். அது பழைய 286, 386 அளவு வேகம்தான். பென்டியத்தில் எழுதிய விளையாட்டு அதில் இழுத்துக்கொண்டு நிற்பது இயல்பு.

எழுதிய நிரலை ஓடும் கோப்பாக மாற்றும் கருவியான கம்பைலர் புதியதாக இருந்தால், கட்டும்போது இன்னொன்று நடக்கும். வேகப்படுத்தும் தெரிவை இயக்கியிருந்தால், ஒன்றும் செய்யாத சுற்று வீண் என்று கம்பைலரே அதை நீக்கிவிடும். எண்ணுவதை விட்டுவிட்டு, மில்லிசெகண்ட் கடிகாரத்தைப் பார்த்து நகர்த்துங்கள்.

டர்போ பாஸ்கலில் எழுதியவர்களுக்குத் தொடங்கியதுமே "ரன்டைம் எரர் 200" வரலாம். அது உங்கள் பிழையல்ல. திரை, விசைப்பலகைக்கான சிஆர்டி யூனிட், தொடக்கத்தில் கணினியின் வேகத்தை அளக்கப் பார்க்கிறது. ஏறத்தாழ 200 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போனால் அந்த வகுத்தலே உடைகிறது. டாஸ்பாக்ஸில் வேகத்தைக் குறைத்தால் போய்விடும்.

புதிய கம்பைலரில் நூறு பிழை

எண்ணிக்கையைப் பார்த்து மலைக்காதீர்கள், காரணங்கள் நான்கைந்துதான். நிரலின் தொடக்கப் பகுதியான மெயின் இனி இன்ட் (ஒரு முழு எண்) திருப்ப வேண்டும். மேலே சேர்க்கும் ஐஓஸ்ட்ரீம் என்ற கோப்புப் பெயரின் எச் வாலை எடுக்க வேண்டும். திரையைத் துடைப்பது, சுட்டியை நகர்த்துவது, படம் வரைவது எல்லாம் டர்போ சி செய்த போர்லாண்ட் நிறுவனத்தின் சொந்தச் சரக்கு. அவற்றுக்கு எஸ்டிஎல் போன்ற நூலகத்தில் (படம் வரைய உதவும் ஆயத்தக் கட்டளைத் தொகுப்பு) மாற்று எழுத வேண்டும். நான் ஆட்ட விதிகளைத் தொடாமல், வட்டம், கோடு, எழுத்து வரையும் பத்துப் பதினைந்து கட்டளைகளை மட்டும் அதே பெயரில் புதிதாக எழுதினேன். பழைய நிரல் வித்தியாசம் தெரியாமல் அவற்றை அழைத்துக்கொண்டது.

அம்பு விசை வேலை செய்யவில்லையா? டர்போ சியில் அம்பு விசைக்கு முதலில் 0 வரும், பிறகு மேலே 72, கீழே 80, இடம் 75, வலம் 77. விண்டோஸில் இன்றைய கம்பைலரில் முதலில் 224 வருகிறது. 0ஐ மட்டும் சோதித்த நிரல் அதைப் புரிந்துகொள்ளாமல், அடுத்த எண்ணை எச், பி, கே, எம் என்ற எழுத்தாக எடுத்துக்கொள்ளும். இரண்டையும் சோதித்தால் தீர்ந்தது.

படம் வருகிறது, ஆனால் சரியில்லை

எல்லாம் அந்தி மயங்கியதுபோல் இருண்டிருந்தால் நிறப்பட்டியலைப் பாருங்கள். அன்றைய திரை முறையான விஜிஏவில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் 0 முதல் 63 வரைதான். இன்று 255 வரை. 4ஆல் பெருக்குங்கள், தூய வெள்ளை வேண்டுமென்றால் 255ஆல் பெருக்கி 63ஆல் வகுங்கள்.

நிலா கோழிமுட்டையாகப் படுத்திருந்தால், 320×200 படத்தை அப்படியே காட்டுகிறீர்கள். அன்றைய திரை அதை 4க்கு 3 என்ற அளவுக்கு இழுத்துக் காட்டியது. உயரத்தை 1.2 மடங்காக்குங்கள். டாஸ்பாக்ஸில் ஆஸ்பெக்ட் தெரிவை இயக்கினால் போதும்.

படம் பாதியில் அறுந்து கீழே குப்பையாக இருந்தால், கோப்பைத் திறந்த முறையைப் பாருங்கள். டாஸிலும் விண்டோஸிலும் எழுத்துக் கோப்பாகத் திறந்தால், 26 என்ற மதிப்புள்ள பைட்டைக் கண்டதும் கோப்பு முடிந்தது என்று நின்றுவிடும். பைனரியாகத் திறங்கள். லினக்ஸில் படமே வரவில்லை என்றால், கோப்புப் பெயரில் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று பாருங்கள். டாஸ் பேதம் பார்க்காது, லினக்ஸ் பார்க்கும்.

நேரே திரையின் நினைவகத்தில் எழுதிய நிரல் புதிய கணினியில் உடனே விழுந்துவிடும். 64,000 பைட் கொண்ட ஓர் அணி (வரிசையான நினைவிடம்) வைத்து அதில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு சட்டகத்துக்கும் அதை எஸ்டிஎல் சாளரத்துக்கு மாற்றிவிடலாம்.

மதிப்பெண் பட்டியலில் குப்பை

இதில் நான் நின்று பார்த்த நேரம் அதிகம், ஏனென்றால் அந்தப் பட்டியலில் அப்பாவின் பெயர் இருந்தது.

பத்துப் பேர் பட்டியல். பெயருக்கு 20 எழுத்து, பிடித்த ஆட்டுக்கு ஒரு இன்ட், மதிப்பெண்ணுக்கு ஒரு லாங் (இரண்டும் எண்ணைச் சேமிக்கும் வகைகள்). கோப்பு 260 பைட், ஆளுக்கு 26. டர்போ சியில் இன்ட் 2 பைட், லாங் 4 பைட், ஆகவே 20 கூட்டல் 2 கூட்டல் 4. இன்று 64 பிட் லினக்ஸில் இன்ட் 4, லாங் 8. ஒரு ஆளுக்கு 32 பைட் என்று படிக்கும். முதல் பெயர் சரியாக வந்து, இரண்டாவதில் தலை அறுந்து, போகப் போக எல்லாம் குழம்பினால் நோய் இதுதான். 64 பிட் விண்டோஸிலோ லாங் 4தான், அங்கே 28 வரும். அதனால் ஒரே நிரல் இரண்டு கணினியில் இரண்டு விதமாகத் தப்பும்.

வகைகளை 16 பிட், 32 பிட் என்று அளவு சொல்லி எழுதுங்கள். இடைவெளி விடாமல் அடுக்கச் சொல்லும் பேக் கட்டளையை 1 என்று வையுங்கள். பிறகு ஒரு ஆளுக்கான அமைப்பின் அளவை அச்சிட்டு, 26 வருகிறதா என்று பார்த்துவிட்டே படியுங்கள். எங்கள் பட்டியலில் மூன்றாவது இடத்தில் அப்பா இருந்தார். 15 ஆட்டில் 6 ஆட்டைப் பிடித்திருக்கிறார். அவர் தவறி ஒன்பது வருடமாகிறது; அந்த விளையாட்டை அவர் உட்கார்ந்து ஆடினார் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

டாஸ்பாக்ஸில் ஒழுங்காக ஓடுகிறது, புதிதில் மட்டும் திடீரென நிற்கிறது

மேலே சொன்ன சாட்சி விதி இந்த இடத்தில் ஏமாற்றும். பிழை அன்றே இருந்தது. டாஸ் அதைக் கண்டுகொள்ளவில்லை, அவ்வளவுதான். ஆடுபுலிக் கட்டத்தில் 23 சந்திகள். அணியில் 0 முதல் 22 வரை. எங்கள் சுற்று 23ஐயும் தொட்டது. டாஸில் அது பக்கத்து மாறியை மிதித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். ஜிசிசி கம்பைலரில் அட்ரஸ் சானிடைசர் என்ற சோதனைத் தெரிவை இயக்கிக் கட்டி ஓட்டினால், எந்த வரியில் எல்லை தாண்டியது என்று எண்ணோடு சொல்லிவிடும். பழைய நிரலைத் திருத்தும் எவரும் முதல் நாளே இதை இயக்கிவிட வேண்டும் என்பது என் முடிவு.

தமிழ் எழுத்து இருந்த இடத்தில் ஆங்கில எழுத்து

பல்லாங்குழியின் பொத்தான்களில் இப்படித்தான் இருந்தது. பாமினி எழுத்துருவில், புலி என்பது பெரிய ஜி, ஒய், பி. அம்மா என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஆங்கில எழுத்துகள் தெரியும். டிஸ்கி போன்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறைகளில் எழுதியிருந்தால் கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். எழுத்துருவை நிறுவினால் உடனே பார்க்கலாம். நிலைக்க வேண்டுமானால் மாற்றிக் கருவியால் யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள். ஆனால் விஷுவல் பேசிக் 6இன் சாதாரணப் பொத்தான்களுக்கு யூனிகோடு தெரியாது. அந்த நிரலை அதிலேயே வைத்திருப்பதானால் பாமினியையே விட்டுவிடுங்கள். யூனிகோடு, வேறு நிரல்மொழிக்குப் பெயர்த்தெழுதும் பிரதிக்கு.

விஷுவல் பேசிக் நிரல் ஓசிஎக்ஸ் (துணைக் கோப்பு) ஒன்றைக் காணோம் என்று நின்றால், அந்தக் கோப்பை 64 பிட் விண்டோஸின் சிஸ்வாவ்64 கோப்புறையில் வைத்து, நிர்வாகி உரிமையோடு ரெக்எஸ்விஆர்32ஆல் பதியுங்கள். படங்கள் மட்டும் இல்லையென்றால் எஃப்ஆர்எக்ஸ் கோப்பு தொலைந்திருக்கிறது. சாளரத்தைச் சொல்லும் எஃப்ஆர்எம் கோப்பு வெறும் எழுத்துதான். நோட்பேடில் திறந்தாலே அந்தச் சாளரத்துக்கான நிரல் முழுக்க இருக்கும்.

ஓடுகிறது, ஆனால் ஆட்ட விதி தப்பாக இருக்கிறது

கடைசியாக வந்தது இது. மூன்று புலி, 15 ஆடு. ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்கும்போதே, பக்கத்து ஆட்டுக்கு அப்பால் காலியிடம் கிடைத்தால் புலி தாண்டி வெட்டலாம். எங்கள் நிரலில் புலி முதலில் வெட்ட மறுத்தது. டாஸ்பாக்ஸிலும் அப்படியே, ஆகவே அன்றைய பிழை. நிரலில் தேடினால், இறங்கிய ஆடு ஐந்துக்குக் குறைவாக இருந்தால் வெட்டாதே என்று ஒரு நிபந்தனை. குறிப்பு எதுவும் இல்லை. எழுத்துநடை பெரியப்பா மகனுடையது. அவன் இப்போது வெளிநாட்டில், அவனுக்கும் நினைவில்லை.

நீக்கிவிட்டுக் கட்டினேன். அன்று சாயங்காலம் அத்தை வந்திருந்தது. மடிக்கணினியில் ஆட வைத்தேன். இரண்டாவது ஆட்டை இறக்கியதும் புலி வெட்டியது.

"என்னடா இது? அஞ்சு ஆடு எறங்குற வரைக்கும் புலி வாயத் தொறக்கப்படாதுல்ல?"

"அப்படி விதி இல்லையே அத்தை."

"உங்க அப்பாயி அப்படித்தானே ஆடச் சொல்லும். திண்ணையில கரியால கோடு போட்டு, புளியங்கொட்டை வச்சு. சின்னப் புள்ளைங்க ஒடனே தோத்துட்டு அழுவும்னு, அஞ்சு ஆட்டுக்குப் புலிக்குப் பட்டினி."

அந்த நிபந்தனையைத் திரும்பப் போட்டேன். மேலே ஒரு வரிக் குறிப்பு சேர்த்திருக்கிறேன்: அப்பாயி விதி, நீக்க வேண்டாம். அத்தை அதற்குள் எட்டு ஆடு இறக்கி, ஒரு புலியை மூலையில் மடக்கியிருந்தது.